டைரியிடம் மட்டும் சொல்கிறேன்

இன்றைக்குக் கணக்குப் பேப்பர் கொடுத்தார்கள். 71. எனக்கே நம்ப முடியவில்லை, சரி நாமும் ஒரு நாள் தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்த்தால் 61தான் வருகிறது. மூன்று தடவை கூட்டினேன். மிஸ் எங்கேயோ பத்தைச் சேர்த்துவிட்டார். கணக்கு மிஸ்ஸுக்கே கூட்டல் தப்பும் என்பது ஒரு விதத்தில் ஆறுதல்தான்.

வீட்டில் காட்டியதும் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். வழக்கமாக என் பேப்பரில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இன்று உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, "பரவாயில்லையே" என்றார். அக்காவின் 98க்குக்கூட அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அம்மா உடனே சித்திக்குப் போன் போட்டாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

அக்காவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. பேப்பரை வாங்கியவளின் விரல் ஓரத்து எண்கள் மேல் நகர்ந்துகொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. காட்டிக்கொடுக்காதவள் மேல் கோபம் வருகிறது, இது என்ன நியாயமோ.

நாளைக்கு மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், திருத்திக் கொடுத்துவிடுவார். ஆனால் 71ஐச் சிவப்பு மையில் அடித்து 61 என்று எழுதினால், அதற்குக் கீழேயே அப்பாவின் கையெழுத்து இருக்குமே.