கட்டடமும் நிபந்தனையும்

1835-இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் ஊரில் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ கார்னெகி, நீராவித் தறிகள் வந்து தந்தையின் பிழைப்பு கெட்டதால், 1848-இல் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இரணியலிலும் வடசேரியிலும் கைத்தறி நெசவாளர் பட்ட பாட்டை அறிந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிட்ஸ்பர்க் அருகே ஒரு பருத்தி ஆலையில் வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்குச் சேர்ந்த அந்தச் சிறுவன், தந்தி அலுவலகம், ரயில்வே, இரும்புப் பாலம், எஃகு என்று படிப்படியாக உயர்ந்து, 1901-இல் தம் எஃகு நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் கர்னல் ஆண்டர்சன் என்பவர். தம் சொந்த நூல்கள் ஏறத்தாழ 400-ஐ, வேலை பார்க்கும் பையன்கள் வாரம் ஒன்றாக எடுத்துப்போய்ப் படிப்பதற்காகச் சனிக்கிழமைதோறும் அவர் திறந்து வைத்தார். பள்ளிப் படிப்பைத் தொடர முடியாத கார்னெகிக்கு அறிவு வாசல் அங்கேதான் திறந்தது. பின்னாளில் அவர் பணத்தில் பல நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன.

1892-இல் கார்னெகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களுக்கும், நிறுவனம் வரவழைத்த தனியார் காவலர்களுக்கும் இடையே நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. எத்தனை நூலகம் கட்டினாலும் அந்தப் பழி தீராது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அவர் கொடுத்த முறை நாம் கற்க வேண்டியது. நூலகம் கேட்ட ஊர் இடம் தர வேண்டும். கட்டடத்துக்கு அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்குவதாக உறுதியளிக்க வேண்டும். இதற்கு இசையாத ஊருக்குப் பணம் இல்லை.

தக்கலைப் பக்கம், வளைகுடாவில் உழைத்துப் பொருள் சேர்த்த ஒருவர் தந்தையின் நினைவாகக் கட்டிக் கொடுத்த வாசகசாலை ஒன்று உண்டு. வாசலில் பதித்த கருங்கல் பலகை இன்றும் பளபளக்கிறது. உள்ளே பூட்டிய கண்ணாடி அலமாரியில் ராமபாணப் பூச்சி துளைத்த புத்தகங்கள், எடுத்தால் அட்டை மட்டும் கையோடு வருகின்றன. கொடுத்தவர் மனத்தில் குறையே இல்லை. திறந்து வைக்க ஓர் ஆள், அவருக்கு மாதச் சம்பளம், மின்கட்டணம், புதிய நூல்கள் ஆகியவற்றை யார் ஏற்பது என்று கால்கோள் விழாவுக்கு முன்பே யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி சொத்து வரியுடன் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது; இன்று அது வரி ரூபாய் ஒன்றுக்கு 10 காசு. ஆகவே ஊரும் பங்கேற்பது நமக்குப் புதிதன்று. இனி வெளிநாட்டிலிருந்து நன்கொடை தர முன்வரும் நம் சகோதரர்கள், கட்டடத்துக்கு எண்ணியதில் பாதியை வைப்புநிதியாகப் போட்டு, பராமரிப்புச் செலவில் பாதியை ஊர்க்கமிட்டி ஆண்டுதோறும் ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே அடிக்கல் நாட்ட வேண்டுமென்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.