முலூஸில் ஒரு புகாட்டி 101

பிரான்சின் கிழக்கு எல்லையில், வோஸ்ஜ் மலைத்தொடருக்கும் ரைன் நதிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அல்சாஸ் சமவெளிக்குப் பெரும்பாலான பயணிகள் திராட்சைத் தோட்டங்களுக்காகவும் மரச்சட்ட வீடுகளுக்காகவும் வருகிறார்கள். நான் சென்றது 1951ஆம் ஆண்டின் ஒரு காரைப் பார்ப்பதற்காக. அதன் பெயர் புகாட்டி டைப் 101. இந்த வகையில் தயாரான சட்டகங்கள், அதாவது சேஸிகள், ஆறேழுதான். அவற்றில் ஒன்று, கோல்மார் நகரத்துக் காங்லோஃப் பட்டறையில் கூடு (பாடி) கட்டப்பட்டு, இன்று முலூஸ் நகரின் தேசிய மோட்டார் வாகன அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்டார்கள்; திரும்பி வந்த பிறகும் அவர்களுக்கு நிறைவான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை.

காரின் கதை பிறந்த வரிசையிலேயே ஊர்களைப் பார்ப்பது என்று முடிவு செய்து, முதலில் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து மோல்ஸைமுக்கு உள்ளூர் ரயிலில் போனேன். மிகச் சிறிய ஊர் அது. இத்தாலியில் பிறந்த எத்தோரே புகாட்டி 1909இல் இங்கேதான் தொழிற்சாலையைத் தொடங்கினார்; அப்போது அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது. பழைய கார்த்தூசிய மடத்தில் இயங்கும் ஊர் அருங்காட்சியகத்தில் புகாட்டிக்கென ஒரு பகுதி உண்டு. பக்கத்து ஊரான டோர்லிஸைமின் கல்லறைத் தோட்டத்தில் தந்தையும் மகனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பக் கல்லறையில் பொறித்திருக்கும் ஆண்டுகளே டைப் 101 ஏன் அப்படி அமைந்தது என்பதற்குப் பாதி விளக்கம் தந்துவிடுகின்றன.

மகன் ழான் புகாட்டி 1939 ஆகஸ்ட் 11ஆம் தேதி, அவ்வாண்டு லெ மான் பந்தயத்தை வென்றிருந்த காரை மோல்ஸைமுக்கு அருகே ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சாலையில் குறுக்கிட்ட சைக்கிள்காரரைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. முப்பதுகளில் நிறுவனத்தைத் தாங்கி நின்ற டைப் 57 அவருடைய படைப்பு. வடிவத்திலும் பொறியியலிலும் தந்தைக்கு அடுத்த தலைமுறையின் கண் அவரிடம்தான் இருந்தது. அடுத்த மாதமே போர் மூண்டது, தொழிற்சாலை ஜெர்மானியர் வசம் போனது, போர் முடிந்ததும் உரிமை வழக்கு நடந்தது. 1947இல் ஆலை மறுபடியும் தன் கைக்கு வந்த சில வாரங்களிலேயே, ஆகஸ்ட் 21 அன்று, எத்தோரேயும் காலமானார். பொறுப்பு இளைய மகன் ரோலானிடமும், நெடுங்காலம் அங்கே பணியாற்றிய பியர் மார்க்கோவிடமும் வந்து சேர்ந்தது.

கையில் பணமில்லை, வடிவமைக்க ழானும் இல்லை. ஆனால் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. இந்த நிலையில் அவர்கள் செய்யக்கூடியதைத்தான் செய்தார்கள். 1934இல் வந்த டைப் 57இன் சட்டகத்தையும் எஞ்சினையும் எடுத்துச் சில மாற்றங்களோடு டைப் 101 என்று பெயரிட்டு, 1951 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நிறுத்தினார்கள். வரிசையாக எட்டு சிலிண்டர்கள், 3257 கன செ.மீ., வால்வுகளைத் திறந்து மூடத் தலைப்பகுதியில் இரண்டு கேம் தண்டுகள், ஏறத்தாழ 135 குதிரைத்திறன். அதிகத் திறன் வேண்டுவோருக்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் பொருத்திய 101சி. அச்சுகளுக்கு இடையிலான 3.30 மீட்டர் நீளத்தைக்கூட மாற்றவில்லை.

கோல்மாரில் ரயில் மாறும் இடைவெளியில் ஊரைச் சுற்றினேன். கால்வாய் ஓரத்து வீடுகளின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அழகை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் காங்லோஃபின் ஊர். அந்தக் காலத்தில் விலையுயர்ந்த காரை வாங்குவது இன்று போலல்ல. தொழிற்சாலை தருவது எஞ்சின், சக்கரம், ரேடியேட்டர் பொருத்திய வெறும் சட்டகம். வாங்குபவர் தனக்குப் பிடித்த பட்டறைக்கு அதை அனுப்பிக் கூடு கட்டிக்கொள்வார். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வழக்கமாக ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு செய்து, அதன் மேல் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் பொருத்துவார்கள். ஒரே சட்டகத்தின் மேல் இரண்டு கதவுக் கூடும், துணிக்கூரை வைத்த திறந்த கூடும், நான்கு கதவுக் கூடும் வரலாம். மோல்ஸைமுக்குப் பக்கத்தில் இருந்ததால் காங்லோஃப் போருக்கு முன்பே புகாட்டியின் நெருங்கிய கூட்டாளி; டைப் 57இன் ஸ்டெல்வியோ என்ற திறந்த கார்களில் பலவற்றுக்குக் கூடு கட்டியது இந்தப் பட்டறைதான்.

முலூஸ் ரயில் நிலையத்தில் இறங்கி முதல் தடத்து டிராமில் ஏறினால், அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. கட்டடம் முன்பு கம்பளி நூற்பாலை. அதன் உரிமையாளர்களான ஹான்ஸ் ஷ்லும்ப்ஃப், ஃப்ரிட்ஸ் ஷ்லும்ப்ஃப் சகோதரர்கள் அறுபதுகளில் ஊருக்குத் தெரியாமல் கார்களை வாங்கிக் குவித்தார்கள். அமெரிக்காவில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவர் வைத்திருந்த 30 புகாட்டிகளையும், மோல்ஸைம் ஆலை 1963இல் கைமாறியபோது அங்கே மிஞ்சியிருந்தவற்றையும் வாங்கினார்கள். பின்னர் ஜவுளித் தொழில் சரிந்து ஆட்குறைப்பு வந்தது. 1977 மார்ச்சில் தொழிலாளர்கள் பூட்டிய கூடத்துக்குள் நுழைந்து உள்ளே இருந்ததைக் கண்டார்கள். சகோதரர்கள் அதற்குள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போய்விட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் அந்த இடத்தைக் கைப்பற்றி இரண்டு ஆண்டுகள் தாங்களே நடத்தினார்கள். 1978இல் அரசு சேகரிப்பைத் தேசியச் சின்னமாக அறிவித்துச் சிதறாமல் காத்தது. 1982இல் அருங்காட்சியகம் திறந்தது. பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குகளைப் பார்த்துச் செய்த நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்கள் கூடம் முழுவதும் நிற்கின்றன. பணக்காரரின் கனவு அலங்காரம் என்று முதலில் முகம் சுளித்தேன். அந்த ஒளியில் தகட்டின் வளைவுகள் நன்றாகத் தெரிகின்றன என்பதைப் பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கூட்டம் நேராக டைப் 41 ராயல்களை நோக்கிப் போகிறது. மொத்தம் ஆறே செய்யப்பட்ட, 12.7 லிட்டர் எஞ்சின் கொண்ட அந்த வண்டிகளில் இரண்டு இங்கே இருக்கும்போது அது இயல்புதான். டைப் 101 முன்னால் நெடுநேரம் நான் மட்டுமே நின்றேன். காங்லோஃப் கட்டிய இந்த மூடிய இரு கதவுக் கூட்டில், தனியாகத் துருத்தி நிற்கும் மட்கார்டும், அதன் மேல் கிண்ணம் போன்ற முகப்பு விளக்கும், ஏறுவதற்குக் கால் வைக்கும் பலகையும் இல்லை. விளக்குகள் மட்கார்டுக்குள் அமிழ்ந்திருக்கின்றன. மட்கார்டு கதவோடு கலந்து, ஒரே பரப்பாகப் பின்புறம் வரை ஓடுகிறது. போருக்குப் பிந்தைய புதிய நாகரிகம் அது. நடுவில் மட்டும் அந்தப் பழைய குதிரை லாட வடிவ ரேடியேட்டர் முகப்பு சிறுத்து நிற்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சினின் நீளத்துக்காக எஞ்சின் மூடி நீண்டே ஆக வேண்டும். உடலைத் தட்டையாக்கிய பிறகு அந்த நீளம் இன்னும் நீளமாகத் தெரிகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் கனத்த கார் என்பதே என் எண்ணம். முன்பக்கத்து மூலையில் நின்று சாய்வாகப் பார்த்தால் அந்தக் கனம் மறைந்துவிடுகிறது. அரை வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்த என்னைக் காவலர் ஒருவர் கவனிக்கத் தொடங்கியதும் சற்றே விலகி நின்றேன்.

குனிந்து முன் சக்கரங்களுக்கு இடையே பார்த்தால் நிலைமை வேறு. இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் கெட்டியான முன் அச்சு. வில் தட்டுகள் அச்சைத் துளைத்துச் செல்லும் புகாட்டியின் அமைப்பு இருபதுகளில் பொறியாளர்களை வியக்க வைத்தது உண்மைதான். ஆனால் 1948இலேயே ஜாகுவார் எக்ஸ்கே120, ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்போடும் 160 குதிரைத்திறனோடும் வந்துவிட்டது. விலையும் மிகக் குறைவு. ழான் உயிரோடு இருந்திருந்தால் இந்த அச்சு 1951 வரை வந்திருக்காது என்று நினைக்கிறேன். கோல்மார்ப் பட்டறைக்காரர்கள் தங்கள் பங்கை நிறைவாகச் செய்தார்கள். அவர்களிடம் வந்து சேர்ந்த சட்டகம்தான் பதினேழு ஆண்டுகள் பின்தங்கியிருந்தது.

காரணம் மோல்ஸைமில் மட்டும் இல்லை. போருக்குப் பின் பிரெஞ்சு அரசு பெரிய எஞ்சின்களின் மேல் கடுமையான வரி விதித்தது; டெலாஹாய், தால்போ போன்ற பிரெஞ்சுக் கார் நிறுவனங்களும் அந்தப் பத்தாண்டிலேயே சாய்ந்தன. கூடும் சட்டகமும் ஒன்றாகிவிட்ட புதிய தயாரிப்பு முறையில், தனிப் பட்டறை வேலை செய்ய வெறும் சட்டகமே கிடைக்காமல் போனது. புகாட்டி தளர்ந்துகொண்டே போய் 1963இல் ஹிஸ்பானோ சுய்சா நிறுவனத்தின் கைக்கு மாறியது. டைப் 101க்குப் பின்னும் ஒரு முயற்சி நடந்தது: 1956இல் ரைம்ஸ் நகரில் மோரிஸ் திரந்தின்யான் ஓட்டிய டைப் 251 பந்தயக் கார், 18 சுற்றுகளில் விலகிக்கொண்டது. அதையும் இதே முலூஸ் கூடத்தில் பார்க்கலாம்.

காங்லோஃபின் கூட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க ஒன்று முலூஸில் இல்லை. விற்காமல் மிஞ்சிய கடைசி 101 சட்டகத்தை, அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லரில் வடிவமைப்புத் தலைவராக இருந்த வர்ஜில் எக்ஸ்னர் வாங்கினார். அதன் நீளத்தைக் குறைத்து, தன் வரைபடப்படி இத்தாலியின் கியா நிறுவனத்திடம் கூடு கட்டச் செய்து, 1965இல் டூரின் கண்காட்சியில் காட்டினார். படங்களில் பார்த்திருக்கிறேன்: கூர்மையான மட்கார்டுகள், திறந்த மேல்புறம், வேண்டுமென்றே பெரிதாக்கிய பழைய பெருமை. கண்ணைக் கவர்வது அதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் எனக்கு கோல்மாரின் கார்தான் பிடிக்கிறது. எக்ஸ்னர் முடிந்துபோன ஒரு பெயருக்கு நினைவு வடிவம் வரைந்தார். காங்லோஃப் பட்டறைக்காரர்களோ, மறு ஆண்டும் மோல்ஸைமிலிருந்து சட்டகம் வரும் என்று நம்பி வேலை செய்தார்கள்.