உங்கள் எடை எவ்வளவு?

முதல்முறை போனில் பேசியபோது அவர் கேட்டது இதுதான்: "உங்கள் எடை எவ்வளவு? உங்கள் கணவர் எடை? பை எத்தனை கிலோ?" முன்பின் தெரியாத ஆண் என்னிடம் எடை கேட்டதும் சுருக்கென்றது. அப்புறம்தான் விளங்கியது, அவர் எங்களை மெல்பர்ன் ஏற்றிப்போகப்போகிற விமானி. நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் செஸ்னா. எரிபொருள், ஆள், பை எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் அதைக் கிளப்ப முடியும்.

நாங்கள் இருப்பது மில்டூராவில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலை, திராட்சையும் ஆரஞ்சும் விளையும் செம்மண் பூமி. வந்து ஐந்து வருடமாகிறது, ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் சாயங்காலம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்து மண்வாசனை எழும்பினால் சங்கரன்கோவிலுக்குப் போய்விடுகிறேன்.

கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை மெல்பர்னில் நடந்தது. அதன்பின் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். காரில் 540 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். வயிற்றுத் தையலோடு அவரால் ஒரு மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. மருத்துவமனை சமூகப் பணியாளர்தான் ஏஞ்சல் ஃபிளைட் என்ற இலவச விமான சேவைக்கு எழுதிப் போட்டார். நோயாளி நேராகக் கேட்க முடியாது, மருத்துவத் துறையில் இருப்பவர் யாராவது பரிந்துரைக்க வேண்டும்.

இது ஆம்புலன்ஸ் இல்லை. உள்ளே டாக்டரும் கிடையாது, ஸ்ட்ரெச்சரும் கிடையாது. நோயாளி தானே ஏறி உட்கார வேண்டும். அவசரத்துக்கு வருகிற 'பறக்கும் டாக்டர்' சேவை 1928இலிருந்தே இங்கே இருக்கிறது. அவசரமில்லாத, ஆனால் தவறவிடவே முடியாத பயணங்களுக்காக பில் பிரிஸ்டோ என்ற விமானி 2003இல் இதைத் தொடங்கினார். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். எங்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை.

அன்று வந்தவருக்கு எங்கள் பெரியப்பா வயது. எங்களை ஏற்றுவதற்காகவே மெல்பர்னின் எசண்டன் விமான நிலையத்திலிருந்து விடிகாலையில் தனியாகப் பறந்து வந்திருந்தார். "சார்" என்றேன். பெயரைச் சொல்லியே கூப்பிடச் சொன்னார். வாய் வரவில்லை. என் கணவர் இறக்கையைத் தாங்கும் கம்பியில் கை வைத்து மூச்சு வாங்கி நின்றபோது, அவசரப்படுத்தாமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஹெட்செட்டை மாட்டி, காதோரம் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் எசண்டன். அங்கே காருடன் இன்னொருவர் காத்திருந்தார்; எர்த் ஏஞ்சல் என்பார்களாம். அவரும் சும்மா வந்தவர்தான்.

அடுத்த முறை வானிலை சரியில்லை என்று காலை ஐந்தரைக்கே கூப்பிட்டு ரத்து செய்தார்கள். எனக்கு வருத்தமே இல்லை. 2017இல் மவுண்ட் கேம்பியர் என்ற ஊரில் இப்படியொரு விமானம் தாழ்ந்த மேகத்தில் கிளம்பிய ஓரிரு நிமிடத்தில் விழுந்து, மூன்று பேரும் இறந்துபோனார்கள். இன்று வேண்டாம் என்று சொல்கிற விமானியைத்தான் நான் கும்பிடுவேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மனுசனுக்கு என்ன குடுத்தே?"

"வாங்க மாட்டேங்கிறாரும்மா."

"சாப்பாடாவது குடுத்தியா?"

பதில் சொல்ல முடியவில்லை. அப்பாவை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள் நினைவுக்கு வந்தது. அரசு பஸ்தான். கண்டக்டர் மூன்று பேர் சீட்டைக் காலிசெய்து அப்பாவைப் படுக்கவைத்தார். டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் குழந்தையை இறக்குவதுபோலப் பஸ்ஸை இறக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாப்பே இல்லை, நிறுத்தினார். அடுத்த பொங்கலுக்கு அம்மா ஒரு தார் வாழைப்பழத்தோடு பஸ்ஸுக்குக் காத்திருந்து அந்தக் கண்டக்டர் கையில் கொடுத்தாள். அந்த பஸ் தினமும் எங்கள் தெரு முனையில்தான் நிற்கும். நன்றிக்கு ஒரு வழி இருந்தது.

இங்கே அந்த வழிதான் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு விமானி வருகிறார். ஏற்றி, இறக்கி, கையசைத்துப் போய்விடுகிறார். இதுவரை நாலு பேர். யாரையும் மறுபடி பார்த்ததில்லை. மற்றதெல்லாம் பழகிவிட்டது, இது மட்டும் மனதில் கிடந்து அறுக்கிறது.

வியாழக்கிழமை ஐந்தாவது பயணம். நேற்று ஒரு பெண் விமானி கூப்பிட்டார். எடை கேட்டார். இவர் 58 கிலோ ஆகிவிட்டார், இரண்டு கிலோ ஏறியிருக்கிறார் என்று சந்தோஷமாகச் சொன்னேன். பையைக் கேட்டதும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, டிபன் டப்பாவில் அரிசியைக் கொட்டி பையோடு தராசில் வைத்துப் பார்த்தேன்.

"நாலரை கிலோ. அதில் அரைக் கிலோ புளியோதரை. அது உங்களுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, காரமாக இருக்குமா என்று கேட்டார்.