கணினியிடமே கேட்டால் கணினி சொல்லுமா?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மேசைக் கணினி, ஒரு கோடைக்காலம் முழுவதும் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. யாரும் தொடாத நேரத்திலும் அதன் விசிறி இரைந்தது. வேலூர் வெயிலில் மனிதர்களுக்கே மூச்சு வாங்கும்போது இயந்திரம் இரைவதில் என்ன வியப்பு என்று நான் விட்டுவிட்டேன். விண்டோஸ் அப்டேட் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. எதைத் தேடினாலும், அறிமுகமில்லாத ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டுக்கொண்டுதான் விடை வந்தது. ஆனால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் பச்சைக் குறி. ஸ்கேன் செய்தால் ஒன்றுமே இல்லை. எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்த மறுகணம் விசிறி அடங்கிவிடும். வகுப்புக்குள் ஆசிரியர் நுழைந்ததும் புத்தகத்தை விரித்துக்கொள்ளும் மாணவர்களை முப்பது ஆண்டுகள் பார்த்த எனக்கு, அந்த அடக்கமே முதல் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

எதிர்வீட்டுத் தம்பி ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கால்மணி நேரம் பார்த்துவிட்டு, "இன்னா சார், அதையே கேட்டா அது எப்படி சொல்லும்? வெளிய இருந்து பார்க்கணும்" என்றார். வீட்டுக் கணினியின் பாதுகாப்பைப் பற்றி நான் பின்னர் படித்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

சாதாரணத் தீநிரல் என்பது கணினிக்குள் ஓடும் இன்னொரு நிரல். அதற்கு ஒரு கோப்பு உண்டு, தேடினால் அகப்படும். எங்கள் கணினிக்குள் புகுந்திருந்த ரூட்கிட் என்ற வகை அப்படியன்று. யுனிக்ஸ் கணினிகளில் எல்லா அதிகாரமும் படைத்த கணக்குக்கு 'ரூட்' என்று பெயர். அந்த அதிகாரத்தைக் கைப்பற்றியவர் தம்மை மறைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் கருவித் தொகுப்பே ரூட்கிட். அது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் வரை இறங்கி, "இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கின்றன?" என்று எந்த நிரல் கேட்டாலும், வரும் விடையிலிருந்து தன் பெயரை மட்டும் அடித்துவிட்டு மீதியைக் கொடுக்கும். வைரஸ் தடுப்பு நிரலும் அதே இயங்குதளத்திடம்தான் கேட்கிறது; ஆகவே அதற்கும் அதே திருத்தப்பட்ட பட்டியல்தான் கிடைக்கிறது.

இந்தத் தந்திரம் புதிதன்று. 1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃபிளாப்பியின் பூட் செக்டாரில், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதியில், குடியேறியது. அந்த இடத்தை யாராவது படித்துப் பார்த்தால், தன்னைக் காட்டாமல், வேறோரிடத்தில் தான் ஒதுக்கிவைத்த பழைய பூட் செக்டாரை எடுத்து நீட்டியது. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைக் குறுந்தகடுகளைப் பிரதி எடுப்பதைத் தடுப்பதற்காக, வாடிக்கையாளரின் கணினிக்குள் சொல்லாமலேயே ஒரு மறைப்பு நிரலை நிறுவியது. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்தது. சில நாள்களிலேயே வேறு தீநிரல்காரர்களும் தங்கள் கோப்புகளுக்கு அதே எழுத்துகளைச் சூட்டி அந்தப் போர்வைக்குள் புகுந்தார்கள். சோனியின் இந்த மறைப்பைக் கண்டுபிடித்த விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. இயங்குதளம் சொல்லும் கோப்புப் பட்டியலையும், வட்டை (ஹார்டு டிஸ்க்கை) நேரடியாகப் படித்து எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் ஒரு கருவியை அவர் எழுதியிருந்தார். அதைத் தம் சொந்தக் கணினியில் ஓட்டியபோதுதான் சோனியின் நிரல் அகப்பட்டது. கணக்கில் பெருக்கிய விடையை வகுத்துச் சரிபார்ப்பது போன்ற வேலை இது.

தம்பி எங்கள் வீட்டில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. தம்முடைய சுத்தமான மடிக்கணினியில் மீட்பு நிரல் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்தே தொடக்கினார். வீட்டு விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்க, அதன் வட்டை வெளியிலிருந்து படித்தபோது, வன்பொருள்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களுக்குரிய ஃபோல்டரில் விண்டோஸ் எங்களுக்கு ஒருநாளும் காட்டாத ஒரு கோப்பு இருந்தது. பென்டிரைவ் இல்லாதவர்கள் விண்டோஸ் செக்யூரிட்டியிலேயே உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை முதலில் ஓட்டலாம். கணினி அணைந்து, வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்பாகவே, சுமார் 15 நிமிடம் அது தேடும். வட்டு, விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், வெளியிலிருந்து படிக்க மீட்புச் சாவி தேவைப்படும். அதை இப்போதே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

கண்டுபிடித்த கோப்பை அழித்துவிட்டால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது நானும் ஒப்புக்கொள்ளமாட்டேன். இரண்டு மாதம் பொய் சொன்ன இயங்குதளம், ஒரு கோப்பை நீக்கியதும் உண்மை பேசத் தொடங்கிவிட்டது என்பதற்கு என்ன சாட்சி? புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டோம். நிறுவும் நிரல் எதையும் எடுக்கவில்லை. வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அன்றி, கைப்பேசியிலிருந்து மாற்றினேன். பிறகு வேறு கணினியில் தயாரித்த விண்டோஸ் பென்டிரைவைக் கொண்டு, சி டிரைவை ஃபார்மட் செய்வதோடு நிற்காமல், வட்டிலிருந்த பார்ட்டிஷன்கள் (பிரிவுகள்) அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினோம். பூட் பகுதியில் ஒளியும் வகைகள் சி டிரைவ் ஃபார்மட்டுக்கு அசைவதில்லை. கணினியை எழுப்பும் தொடக்க நிரல் இருக்கும், மதர்போர்டின் யூஇஎஃப்ஐ சிப்புக்குள்ளேயே குடியேறும் வகையும் உண்டு. 2018-இல் இசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் அத்தகையது. அவை வீட்டுக் கணினிகளைத் தேடி வருவது அரிது என்பதால் அதற்காக நான் தூக்கம் கெடுவதில்லை. நம்பகமான நிரலை மட்டுமே கணினியைத் தொடக்க விடும் செக்யூர் பூட்டை இயக்கி, அந்தச் சிப்பிலுள்ள தொடக்க நிரலான பயாஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டேன்.

அது எப்படி உள்ளே வந்தது என்பதுதான் எனக்கு வெட்கமான பகுதி. வேலூர்க்காரர் பாதுகாப்பைப் பற்றி எழுதினால் கோட்டையும் அகழியும் வராமல் இருக்காது. ஆனால் இங்கே யாரும் அகழியை நீந்திக் கடக்கவில்லை. கணினியை எங்களுக்குப் பழைய பொருளாக விற்ற கடைக்காரர், ஆபீஸ் மென்பொருளைக் காசில்லாமல் இயக்குவதற்காக 'ஆக்டிவேட்டர்' என்ற சிறு நிரலை ஓட்டினார். ஓட்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பை அணைத்தார். 'கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்று திரை கேட்டபோது, அருகில் நின்ற நானே 'ஆம்' என்பதை அழுத்தினேன். கெர்னல் வரை இறங்குவதற்கு வேண்டிய அதிகாரம் அந்த ஓர் அழுத்தத்தில் கிடைத்துவிட்டது.

ஆகவே இப்போது வீட்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கு அட்மின் அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்குதான். எதை நிறுவினாலும் தனிக் கடவுச்சொல் கேட்கும். அது பீரோவுக்குள் ஒரு தாளில் இருக்கிறது. என் மகளுக்கு இதில் வருத்தம்தான், ஆனால் எழுந்து போய்ப் பீரோவைத் திறப்பதற்குள் மனம் ஒருமுறை யோசித்துவிடுகிறது. ஆபீஸுக்குப் பதிலாக இலவசமான லிப்ரே ஆபீஸ் போதுமானதாக இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷன் பகுதியில், கெர்னலுக்குள் நம்பகமற்ற நிரல் நுழைவதைத் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கிவிட்டேன். கோப்புப் பெயர்களின் ஈற்றெழுத்துகள் தெரியும்படி வைத்திருப்பதால், பிடிஎஃப் படத்தைப் போர்த்திக்கொண்டு வரும், நிரலாக ஓடக்கூடிய இஎக்ஸ்இ கோப்பு பார்வைக்கே அகப்படுகிறது. ஜெராக்ஸ் கடைக்கு என்று தனியாக ஒரு பென்டிரைவ் உண்டு. அது வீட்டுக் கணினியில் மீண்டும் நுழைவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன என்பதால், விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றுக்கு மாறுவதே மேல் என்பது என் கருத்து. எந்த வைரஸ் தடுப்பை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும், அதை யாருக்காகவும் அணைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சண்டை போடப் போகவில்லை. அடுத்தவருக்கும் அதையே ஓட்டிவிடப் போகிறாரே என்ற கவலைதான். அவர் உண்மையாகவே வியந்துபோய், "எல்லாருக்கும் இதத்தான் சார் போட்டுத் தரோம், இதுவரைக்கும் ஒருத்தர் கூட ஒண்ணும் சொல்லலையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வீடுகளிலும் பச்சைக் குறிதான் தெரிந்துகொண்டிருக்கும்.