ஏற்காட்டு ஈரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தரையில் சிந்தும் வெள்ளித்தூளைக்கூடக் கூட்டி எடுத்து எடை போடுகிற இடம். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு அம்மா பானை வனைவார். ஒரு நாள் நெளிந்துபோன சட்டி ஒன்றைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். "வீணாப் போச்சாம்மா?" என்று பதறினேன். "சுடாத மண்ணுல வீணு ஏது கண்ணு? ஊறுனா மறுபடியும் மண்ணுதான்."

அடுத்த வாரமே அவரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். ஆறு மாதம் சக்கரத்தைத் தொடவே விடவில்லை. மண் மிதிப்பதும் கல் பொறுக்குவதும்தான் வேலை. நெல்லளவு சுண்ணாம்புக்கல் உள்ளே தங்கினாலும் போதும், சுட்ட பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, பானையின் தோலைப் பெயர்த்துவிடும்.

அப்புறம் புதுச்சேரி. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து ஸ்டோன்வேர் என்கிற கல்போல இறுகும் மண்பாண்டம் கற்க நினைப்பவர்களுக்கு அந்த ஊர்தான். ஒரு சின்ன ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். நாட்டுச் சூளை 900 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஸ்டோன்வேருக்கு 1,280 வரை ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டில் மண் கல்லாக இறுகி, நீர் கசியாமல் நிற்கும்.

ஊர் திரும்பியதும் ஏற்காட்டில், காபித் தோட்டத்தை ஒட்டிய கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். சேலத்து ஏப்ரலில் காலையில் வனைந்த கிண்ணம் மதியமே விளிம்பு வெடிக்கும். மலையில், நவம்பர் மூடுபனியில், ஒரு வாரமானாலும் காயாது. இது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் ஆர்டர், நாற்பது காபிக் கோப்பை. மேலே வெளுத்திருந்தன, சரி என்று சூளையில் அடுக்கினேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே 'டப்'. பிறகு இன்னொன்று. அதன் பிறகு நான் எண்ணவில்லை. கோப்பையின் அடிப்பாகத்தில் தங்கியிருந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அதைப் பிளந்திருந்தது.

ஒரு சில்லை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் இறங்கிப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கன்னத்துல வெச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஈரம் இருந்தால் கன்னத்தில் சில்லென்று படும். கண்ணுக்குத் தெரியாததைக் கன்னம் சொல்லிவிடும். இப்போது ஒவ்வொரு கோப்பையையும் கன்னத்தில் வைத்த பிறகுதான் அடுக்குகிறேன். பார்க்கிறவர்கள் கொஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கோப்பைமேல் கண்ணாடிபோல உருகிப் படிகிற பூச்சான கிளேஸில் சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, பொடித்துச் சேர்க்கிறேன். பளபளப்பு அடங்கி மோர் மாதிரி ஒரு வெள்ளை வருகிறது.

போன தை மாதம் அம்மா மலைக்கு வந்தார். நான் செய்த கூஜா ஒன்றில் தண்ணீர் நிரப்பி, இரவு முழுக்க ஜன்னலோரம் வைத்தார். விடிந்ததும் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"துளிகூடக் கசியலையே கண்ணு. அப்புறம் தண்ணி எப்படிக் குளுரும்?"