கோழிக்குடல் இருந்தால் போதும்: வாய்க்கால் நண்டு பிடிக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

கறிக்கடையில் போய்க் கோழிக்குடல் கேட்டால் "நாய்க்குங்களா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். நண்டு பிடிக்க என்று வாய்விட்டால் பின்னால் நிற்கிற நாலு பேரும் எந்த வாய்க்கால், எந்த மதகு என்று விசாரிக்க ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேயே போய்விடும்.

எனக்கு ஊர் ஈரோடு மாவட்டத்துக் கோபி பக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நெல் வயல், வரப்பு முழுக்க நண்டு வளை. சின்ன வயதிலிருந்தே பிடித்துப் பழக்கம் என்கிற திமிரில், ஒருமுறை கொள்ளிடம் கடலில் சேர்கிற பழையாறு பக்கம் போயிருந்தபோது அங்கேயும் கயிறு போட்டேன். பவானித் தண்ணீர் கூடுதுறையில் காவிரியோடு கலந்து கடைசியில் போய்ச் சேர்கிற இடம்தானே, நமக்குத் தெரியாத நண்டா என்று நினைப்பு. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பின்னால் நகர்ந்துவிட்டது, என் கயிறும் குடலும் சேற்றில் கிடந்தன, நான் முழங்கால் வரை இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார்: "ஏறுதண்ணிக்கு வரணும் தம்பி." கடலோர ஆற்றில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி, இரண்டு தடவை வற்றும். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். தண்ணீர் ஏறும்போது நண்டும் கூடவே கரைப்பக்கம் மேய வரும். இது தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கயிறு போட்டால் என்னை மாதிரி செருப்புத்தான் தேட வேண்டும். அவர் கூடையில் இருந்த களி நண்டின் கொடுக்கு என் கட்டைவிரலை விடத் தடிமன், பிடித்ததும் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரிலும் தண்ணீர் ஏறி வற்றத்தான் செய்கிறது, அதை ஏற்றி இறக்குவது நிலா இல்லை, மதகு. கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் நஞ்சைக்குத் திறப்பார்கள், அப்புறம் புஞ்சைக்கு நனைப்பு நனைப்பாக, சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு. நண்டு பிடிக்க அடைப்பு விழுந்த இரண்டாம் மூன்றாம் நாள்தான் ராசியான நாள். தண்ணீர் வடிந்து பாலத்தடியிலும் மதகடியிலும் குட்டை குட்டையாக நிற்கும், வாய்க்கால் முழுக்கப் பரவி இருந்த நண்டெல்லாம் அங்கே ஒதுங்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் உட்காருங்கள், இருட்டினால் இன்னும் நல்லது. திறந்த புதிதில் போகவே போகாதீர்கள், அதுவும் பெரிய வாய்க்காலில். அந்த இழுப்பில் நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். கிளை வாய்க்கால் போதும். கான்கிரீட் போட்ட கரையில் வளை போட இடமில்லை, மண் கரையாகப் பாருங்கள், அது வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது என்பது வேறு கதை.

தூண்டில் முள் வேண்டாம். ஆள் உயரக் குச்சி, சாக்குத் தைக்கிற சணல், நுனியில் ஒரு பழைய நட்டு, அதன் மேல் குடலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். லேசாகக் கட்டினால் உருவிக்கொண்டு போய்விடும். பத்தடிக்கு ஒன்றாக ஐந்தாறு குச்சி ஊன்றிவிட்டு உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். சணல் விறைத்து ஒரு பக்கமாக நகர்ந்தால் நண்டு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் தோற்பது: வெடுக்கென்று இழுப்பார்கள். என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, சொல்வார், "அவசரப்படாத கண்ணு, நீ அதப் புடிக்கக் கூடாது, அது உன்னயப் புடிச்சுக்கோணும்." தின்கிற ருசியில் அது குடலை விடாது. மெதுவாக, சும்மா கயிறு சுருட்டுகிற மாதிரி இழுத்து வாருங்கள். ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்த நொடியில் விட்டுவிடும். ஆகவே தண்ணீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கும்போதே அடியில் வலையைக் கொடுத்து அள்ள வேண்டும். கம்பி வளையத்தில் பழைய கொசுவலையைத் தைத்தால் வலை ஆயிற்று. நான் வீட்டுச் சல்லடையை எடுத்துப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வளைக்குள் கை விடுகிற வேலை உங்களுக்கு வேண்டாம். ஊரில் சிலர் செய்வார்கள், வாய் ஓரத்தில் ஈரமண் உருண்டை புதிதாகக் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் செய்வார்கள், அப்படியும் பாம்பு இருந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. வரப்பைத் தோண்டுவதும் கூடாது. இளம் நாற்றை நண்டு வெட்டுகிறது, வளை போட்டு வரப்பில் தண்ணீர் ஒழுக விடுகிறது என்று விவசாயிக்கு அதன் மேல் ஏற்கெனவே கோபம், கேட்டால் "புடிச்சுட்டுப் போங்க" என்றுதான் சொல்வார். நீங்களும் ஒரு மண்வெட்டியோடு போய் வரப்பை உடைத்தால் அந்தக் கோபம் உங்கள் பக்கம் திரும்பும். கேட்கும்போதே எப்போது மருந்து அடித்தார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் அடித்திருந்தால் அந்த வயல் நண்டு வேண்டாம். நொய்யலில் திருப்பூருக்குக் கீழே, காலிங்கராயன் வாய்க்காலில் ஈரோட்டை ஒட்டி, சாயக்கழிவும் தோல்கழிவும் பாய்ந்த இடங்களில் பிடித்ததை நான் வாயில் வைக்க மாட்டேன்.

பிடிக்கும்போது பின்பக்கமாக, ஓட்டின் இரு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. கவ்விவிட்டால் இழுக்காதீர்கள். கையை அப்படியே தண்ணீரில் இறக்குங்கள், அதுவாகவே விட்டு ஓடும். இழுத்தால் கொடுக்கு கழன்று உங்கள் விரலிலேயே தொங்கும், நண்டுக்கு அது தோல் உரிக்கும்போது திரும்ப முளைத்துக்கொள்ளும், உங்கள் விரல்தான் பாவம். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள், காற்றில்லாமல் செத்துப்போகும். ஈரச் சாக்கு போட்டு மூடி நிழலில் வைத்தால் போதும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். வயிற்று மடிப்பு ஒடுங்கி இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். மடிப்புக்கு அடியில் முட்டையோ குஞ்சோ இருந்தால் விட்டுவிட வேண்டும். கடல் நண்டு மாதிரி இது குஞ்சைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை, முட்டையிலிருந்து நண்டாகவே வெளியே வந்து கொஞ்ச நாள் தாய் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு தாயைக் கொண்டுபோனால் அத்தனையும் போச்சு. தீப்பெட்டியை விடச் சின்னதையும் விட்டுவிடுவது எங்கள் வீட்டுக் கணக்கு.

சமையலுக்கு உயிரோடு இருப்பதை மட்டும் எடுங்கள். அம்மியில் நசுக்கி, ஓட்டுத்தூள் போக வடிகட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு ரசம். சளிக்கு எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, கொடுத்த ஒரே மருந்து. ஆனால் நன்றாகக் கொதிக்க வேண்டும், அரைவேக்காட்டு நன்னீர் நண்டிலிருந்து நுரையீரல் வரை போகிற புழு உண்டு.

குடல் மிச்சம் இருந்தால் வாய்க்காலில் வீசிவிட்டு வராதீர்கள், கீழே யாராவது துணி துவைப்பார்கள். தெருநாய்க்குப் போட்டுவிடுங்கள், கறிக்கடைக்காரரிடம் சொன்னதும் பொய்யாகாது.