மீண்டும் அந்த அம்மி

நேற்றுப் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு நான் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில், தலையில் அம்மியோடு நின்றுகொண்டிருந்தேன். உடம்பு மட்டும் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், சாய்மனைக் கதிரையில் கிடந்தது.

பகலில் தூங்குகிறவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் நாளே தண்ணீர் வெட்டு என்று அறிவித்துவிட்டார்கள். இருபத்து நான்கு மணி நேரம். இரவு ஒரு மணி வரை வாளி, சட்டி, பானை, சோற்றுக் குக்கரின் உள்சட்டி, இவருடைய சவரக் கோப்பை எல்லாவற்றையும் நிரப்பினேன். காலையில் இவர் அந்தக் கோப்பையைக் கழிநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, "இதில் யார் தண்ணீர் ஊற்றியது?" என்று கேட்டார்.

எட்டு மணிக்கு மேல்வீட்டு பாஸ்மார் வந்துவிட்டார்கள். மேல்வீட்டுக்காரர் நான்கு மாதமாக ஒரே குளியலறையைத்தான் உடைத்துக் கட்டுகிறார். இந்நேரம் காலிமுகத்திடல் அளவில் ஒன்று எழும்பியிருக்க வேண்டும். கல் அறுக்கும் மெஷின் பிடித்த பிடியில் எங்கள் சாமிப் படங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கின்றன. பிள்ளையாரைக் கேட்டால் அவரும் வேறு வீடு பார்க்கச் சொல்லுவார்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு கைவைத்து நாடு முழுவதும் கரண்ட் போனதே, அன்றிலிருந்து மாமி கேட்கும் முதல் கேள்வி, "குரங்கா?" என்பதுதான். தெரியாது என்றால், "குரங்காகத்தான் இருக்கும்" என்று தானே முடித்துக்கொள்வார்.

மெஷின் நின்றதே என்று மகிழ்ந்தது அரை நிமிடம். லிப்டும் நின்றுவிட்டது, உள்ளே எங்கள் மரக்கறிப் பை. கீழே காவலாளி பையை லிப்டுக்குள் வைத்து மூன்றை அழுத்திவிடுவார், நான் மேலே எடுத்துக்கொள்வேன், அதுதான் வழக்கம். லீக்ஸ், கத்தரிக்காய், அவற்றோடு அரைக் கிலோ சூடை மீன். முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், இருட்டில், அந்த வெக்கையில். இரண்டாம் மாடிப் பூனைக்குச் செய்தி எப்படிப் போனதோ, லிப்ட் கதவின் முன்னால் வந்து கூப்பிய கையோடு உட்கார்ந்துவிட்டது.

சமைக்க மீன் இல்லை, கழுவத் தண்ணீர் இல்லை, சுழல மின்விசிறி இல்லை. ஐந்து நிமிடம் கண்ணை மூடினேன்.

அவ்வளவுதான். கூறைச் சேலையைச் சும்மாடு கோலி, அதன்மேல் அம்மி. எங்கள் கொக்குவில் வீட்டுக் கிணற்றடி அம்மியேதான். நடுவில் மிளகாய்ச் சிவப்பு ஏறிய பள்ளம். மாமா தேங்காய் உடைத்து நொறுக்கிய இடது மூலை. யாழ்தேவி புறப்பட நிற்கிறது. நான் ஏறப் போகிறேன், கார்டு கையை நீட்டி மறிக்கிறார்.

"குழவி எங்கே?"

"வீட்டில்."

"குழவி இல்லாத அம்மிக்கு டிக்கெட் கிடையாது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் சட்டம்."

உடனே ஒலிபெருக்கியில் அறிவிப்பு. அறிவிப்பாம்! பாண்காரரின் ஓட்டோவில் வரும் அதே மெட்டு. பீத்தோவன் 1810இல் ஒரு எலீசுக்காக எழுதியது, இன்று மாலுபாண் விற்கிறது. நான் குழவி எடுக்க வீட்டுக்கு ஓடுகிறேன். படலையில் கை வைத்ததும் புகையிரதம் கூவும், விழிப்பேன். ஆறு தடவையும் இதே படலைதான். நேற்றும் கூவியது. விழித்தால், கரண்ட் வந்து மெஷின் மறுபடியும் அறுக்கிறது, கடற்கரைப் பாதையில் ஒரு புகையிரதம் கூவிக்கொண்டு தெகிவளைப் பக்கம் போகிறது.

மகளிடம் சொன்னேன். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கும். தூக்கத்தில் கண்மணி வேகமாக உருளும் நேரத்தில்தான் இப்படித் தெளிவான கனவுகள் அதிகம் வருமாம், 1953இல் சிக்காகோவில் கண்டுபிடித்தார்களாம். வெளியிலிருந்து வரும் சத்தம் கனவுக்குள் புகுந்து வேடம் போடுமாம். ஆல்பிரட் மோரி என்றொரு பிரெஞ்சுக்காரர் தூங்கும்போது கட்டில் சட்டம் கழுத்தில் விழுந்ததாம். அவர் கனவில் பிரெஞ்சுப் புரட்சி, விசாரணை, தீர்ப்பு, கடைசியில் கில்லட்டின் வந்து கழுத்தில் இறங்கியதாம்.

"சரி, கூவியது கரையோர வண்டி, மெட்டு பாண்காரருடையது. அம்மி எங்கிருந்து வந்தது? மேல்வீட்டிலிருந்தா விழுந்தது?"

அதற்கு ஆராய்ச்சி இல்லை.

இதையெல்லாம் சத்தமாகப் பேசியதுதான் பிழை. மாமிக்கு முன்னால் எங்கள் வீட்டில் 'குழவி' என்ற சொல்லை எடுப்பதில்லை. 1995 ஒக்டோபரில் கொக்குவிலை விட்டு வெளிக்கிட்டபோது சைக்கிள் கரியரில் அரிசியும் உறுதிப் பெட்டியும் ஏறின. அம்மியை யார் ஏற்றுவார்? 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் போய்ப் பார்த்தோம். கூரை இல்லை, கதவு யன்னல் இல்லை. மாமி அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கிணற்றடிக்குப் போனார். அம்மி இருந்த இடத்திலேயே இருந்தது. குழவியைக் காணவில்லை. கூரையை இழந்ததைப் பற்றி மாமி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்தக் குழவி எந்த வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது என்று இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதில் எங்கள் சம்பந்தி வீடும் உண்டு.

காது மந்தம் என்று நாங்கள் நம்பும் மாமி, தேவாரப் புத்தகத்தை மூடினார்.

"எந்த அம்மி பிள்ளை?"

"கிணற்றடி அம்மிதான் மாமி."

"மூலை உடைந்திருந்ததா?"

"ஓம்."

"எந்த மூலை?"

"இடது."

மாமி கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார். பட்டியல் தொடங்கப் போகிறது, மாலை வரை நிற்காது என்று மகள் மெல்ல எழுந்தாள்.

"கார்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்" என்றார் மாமி. "குழவி இல்லாமல் அதைக் கொண்டுவந்து என்ன செய்வது? ஆனால் நீ ஏன் ஓடுகிறாய்? தலையில் அவ்வளவு பாரத்தோடு ஓடினால் கழுத்து என்னத்துக்காகும்? அடுத்த முறை நீ ஸ்டேசனிலேயே நில். குழவியை நான் தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்தக் கால்களோடு மெதுவாகத்தான் வருவேன், அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

லிப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே சூடை வந்து சேர்ந்துவிட்டது, வாசனையாக. பின்னால் படியேறி வந்த பூனை, பையைத் தூக்கிய என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. மீனைச் சவரக் கோப்பைத் தண்ணீரில் கழுவ முடியாது என்று நினைத்துக்கொண்டே குக்கர்ச் சட்டியை எடுத்தேன். பிறகு குசினிக் கதவைச் சாத்திவிட்டு, மாமிக்குச் சத்தம் கேட்காதபடி கிரைண்டரின் மேல் ஒரு துவாயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மிளகாயை அரைத்தேன்.